போதகரா, காவல்காரரா

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிறு

தங்கை (பாஸ்டன்), மாலை 4:10
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் அறைத்தோழி இன்று காலை ஒரு கேள்வி கேட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன். மூன்று முறை மணம் முடித்தவர், சூதாட்ட விடுதி நடத்தியவர், பெண்களைப் பற்றி அவர் பேசிய பேச்சை 2016 அக்டோபரில் நாடே கேட்டது, 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். அப்படிப்பட்ட டொனால்ட் டிரம்புக்கு, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள் மூன்று தேர்தல்களிலும் எப்படி வாக்களித்தார்கள் என்பதுதான் கேள்வி. எல்லோரும் போலிகள் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் நான் வளர்ந்த சபையில் அவ்வளவு போலிகளை நான் பார்த்ததில்லை.

சித்தி (நியூ ஜெர்சி), மாலை 4:14
போலிகள் இல்லை, கண்ணு. மறதிக்காரர்கள்.

அத்தை (அட்லாண்டா), மாலை 4:15
ஒலிச்செய்தி, 2 நிமிடம் 41 நொடி

பெரியப்பா (சிகாகோ), மாலை 4:22
ஒலிச்செய்தி அனுப்ப வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், தங்கச்சி? என் காதுக் கருவியில் அது கரகரவென்றுதான் கேட்கிறது. எழுதுங்கள், எழுதும்போது முழு வாக்கியமாக எழுதுங்கள். சண்டையே போட்டாலும் இலக்கணத்தோடு போடுவோம்.

நான் (டாலஸ்), மாலை 4:40
அத்தை எழுதி முடிக்கும் வரை நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் சபையில் புதன்கிழமை வேதபாட வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இல்லாமல் உறைந்து கிடந்தபோது, வழுக்கும் சாலையில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் விறகையும் ஒரு பானை சூப்பையும் இறக்கிவைத்துவிட்டு, உள்ளே வரச் சொன்னால், இன்னும் நான்கு வீடு பாக்கி இருக்கிறது என்று போய்விட்டவர் அவர். அவருடைய வேதாகமத்தின் முதுகு ஒட்டுநாடாவில்தான் நிற்கிறது. அதில் ஏசாயா 45ஆம் அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘2016’ என்று குறித்திருக்கிறார்.

கர்த்தரை அறியாத பெர்சிய ராஜாவாகிய கோரேசைக் கர்த்தர் தாம் அபிஷேகம்பண்ணினவர் என்று அழைக்கும் அதிகாரம் அது. டிரம்ப் 45ஆவது அதிபர் என்பதால் அந்த எண்ணையும் அதிகாரத்தையும் சேர்த்துவைத்துப் பல பிரசங்கிகள் பேசினார்கள். எண் பொருத்தம் எனக்கு விளையாட்டாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த உவமை செய்த வேலையை விளையாட்டு என்று தள்ள முடியாது. கோரேஸ் யூதனாக இருக்க வேண்டியதில்லை, நல்லவனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. சிறைப்பட்ட ஜனத்தை விடுவித்தால் போதும். அந்த ஒரு வாசலைத் திறந்துவிட்டால், அவருடைய தனிவாழ்க்கையைப் பற்றிய கேள்விகள் எல்லாம் ஒரே அடியில் பொருளற்றுப் போய்விடுகின்றன.

ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். “நாங்கள் போதகரைத் தேடவில்லை, தம்பி, வாசலுக்குக் காவல்காரரைத் தேடினோம். சாதுவான காவல்காரரை வைத்து என்ன செய்வது?” என்றார்.

பெரியப்பா (சிகாகோ), மாலை 4:58
அவர் சொல்வது அவர் ஒருவருடைய கருத்தன்று. உங்கள் டாலஸிலேயே ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ் 2016இல் ஏறத்தாழ இதையேதான் சொன்னார்: நாட்டைக் காக்க எனக்கு வேண்டியவர் முரட்டுத்தனமான ஆள், மலைப்பிரசங்கத்தின்படி நடப்பவர் அல்ல என்பது அவருடைய வாதம்.

இந்தத் தேர்வும் புதிதன்று. 1976இல் அதிபர் வேட்பாளர் ஜிம்மி கார்ட்டர் கிறிஸ்துவுக்குள் மறுபடி பிறந்தவர் என்று சாட்சி சொன்னார், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினார், நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவான தெற்கத்திய பாப்டிஸ்டுகள் அவரைத் தங்கள் பிள்ளை என்று கொண்டாடினார்கள். நான்கே ஆண்டுகளில் அதே ஜனங்களில் பெரும்பகுதியினர், விவாகரத்து ஆனவரும் ஹாலிவுட் நடிகருமான ரீகன் பக்கம் போனார்கள். இடையில் 1979இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல், கிறிஸ்தவ வாக்காளர்களைத் திரட்டும் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கியிருந்தார். வாழ்க்கையில் சாட்சியுள்ளவரையும் தங்கள் வழக்கைப் பேசுகிறவரையும் எதிரெதிரே நிறுத்தியபோது, வழக்கைப் பேசுகிறவரைத்தான் அப்போதே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வழக்கு எது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கருக்கலைப்புதான் தொடக்கம் என்று இப்போது எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பாலியல் வன்முறை, கருவின் கடுமையான ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்கு உழைக்கும்படி, 1971இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடே தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. வெள்ளையின, கறுப்பின மாணவர்கள் பழகி மணப்பதைத் தடைசெய்திருந்த தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கை வருமான வரித்துறை 1976இல் பறித்ததுதான் அந்தத் தலைவர்களை முதலில் உசுப்பியது என்று ரேண்டல் பால்மர் என்ற வரலாற்றாசிரியர் வாதிடுகிறார். அதை மறுப்பவர்களும் உண்டு. என் கணிப்பில், அரசாங்கம் நம் வாசல் வரை வந்துவிட்டது என்ற எண்ணம் அன்று விழுந்த விதை. முளைத்த பயிர்களுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயர்.

அத்தை (அட்லாண்டா), மாலை 5:05
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை (அட்லாண்டா), மாலை 5:19
கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன், அண்ணா.

நான் டிரம்புக்கு வாக்களித்தேன். மூன்று முறையும் வாக்களித்தேன். இந்தக் குழுவில் ஒருவராவது ஒளிக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா? இருபத்திரண்டு ஆண்டுகள் நான் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தேன். இருபத்து நான்கு வாரத்தில் பிறந்த குழந்தையின் காலில் என் கல்யாண மோதிரத்தைக் கோத்தால் முழங்கால் வரை தடையில்லாமல் ஏறும். அந்தக் காலைப் பிடித்து ஊசி போட்டவள் நான். 1971இல் யாரோ போட்ட தீர்மானத்தைக் காட்டி, என் மனச்சாட்சி பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

கருக்கலைப்பை எதிர்ப்பேன் என்று ரீகன் வாக்குக் கொடுத்தார். மூத்த புஷ்ஷும் கொடுத்தார். கடைசியில் என்ன நடந்தது? கருக்கலைப்பை நாடெங்கும் உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை 1992இல் காப்பாற்றிய தீர்ப்பை எழுதிய மூன்று நீதிபதிகளில் இருவர் ரீகன் நியமித்தவர்கள், ஒருவர் புஷ் நியமித்தவர். நல்ல மனிதர்கள், நல்ல ஜெபங்கள், கையில் கிடைத்தது ஒன்றுமில்லை. டிரம்ப் எப்படிப்பட்ட நீதிபதிகளை நியமிப்பேன் என்பதைத் தேர்தலுக்கு முன்பே பெயர்ப் பட்டியலாக வெளியிட்டார். கோர்சச், கேவனா, பேரட் என்று மூவரை அமர்த்தினார். 2022 ஜூன் 24 அன்று, 49 ஆண்டுகளாக நின்ற அந்த 1973 தீர்ப்பு விழுந்தது. இஸ்ரேலில் உள்ள நம் தூதரகத்தை எருசலேமுக்கு மாற்றுவேன் என்று அவருக்கு முன் இருந்தவர்களும்தான் சொன்னார்கள். 2018இல் மாற்றியவர் அவர். அவருடைய வாயை எனக்குப் பிடிக்காது. அவர் பேசும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுவேன். ஆனால் சொன்னதைச் செய்தவரை நான் எந்த முகத்தோடு தள்ளுவேன்?

தங்கை (பாஸ்டன்), மாலை 5:24
அத்தை, நீங்கள் இவ்வளவு விரிவாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நன்றி.

சித்தி (நியூ ஜெர்சி), மாலை 5:37
மதினி, உங்கள் மனச்சாட்சியை நான் கேள்வி கேட்கவில்லை. நம்முடைய அளவுகோலுக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்கிறேன். கிளின்டன் காலத்தில், 1998இல், தலைவர்களின் ஒழுக்கக்கேட்டைச் சகித்துக்கொண்டால் சமூகத்தின் மனச்சாட்சியே மரத்துப்போகும் என்று தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தீர்மானம் போட்டார்கள். தனிவாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப்பணியில் நேர்மையாக இருக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2011இல் கேட்டபோது, முடியும் என்றவர்கள் வெள்ளையின சுவிசேஷக் (எவாஞ்சலிக்கல்) கிறிஸ்தவர்களில் 30 சதவீதம். 2016இல் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். ஐந்து ஆண்டுகளில் வேதாகமம் மாறவில்லையே. வேட்பாளருக்கு ஏற்றபடி அளவுகோலை வெட்டிக்கொண்டோம். 2019 டிசம்பரில் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ், அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியபோது, பில்லி கிரகாம் தொடங்கிய அந்த இதழையே இடதுசாரி என்று திட்டினார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களைப் போன்றவர்களின் காரணம் கருவிலிருக்கும் குழந்தை மட்டும்தான் என்றால், 2022க்குப் பிறகு ஆதரவு தளர்ந்திருக்க வேண்டும். 2024இல் அவர் அதை மாநிலங்களிடமே விட்டுவிட்டேன் என்றார். பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சியின் கொள்கை அறிக்கையில் இருந்த நாடு தழுவிய தடைக்கான வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அவருக்கே வாக்களித்தார்கள்.

அத்தை (அட்லாண்டா), மாலை 5:41
அந்த அறிக்கை எனக்கும் வலித்தது. எதிர்ப்பக்கம் அதைவிடத் தூரத்தில் நின்றதே, அதற்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவா?

பெரியப்பா (சிகாகோ), மாலை 5:55
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். ‘பக்தியுள்ள வாக்காளர்’ என்று பொதுவாகச் சொன்னால் நாமே ஏமாந்துபோவோம். நான் ஓய்வுபெற்ற பிறகு சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு கறுப்பினச் சபைக்கு மாதம் ஒருமுறை போகிறேன். அதே வேதாகமம், அதே ஞானஸ்நானம், நம்மைவிட இரண்டு மடங்கு நீளமான ஆராதனை. கறுப்பினப் புராட்டஸ்டன்டுகளில் மிகப் பெரும்பான்மையினர் மூன்று முறையும் டிரம்புக்கு எதிராகவே வாக்களித்தார்கள். விசுவாசம் மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இனம், ஊர், படிப்பு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், 2016இல் சுவிசேஷக் கிறிஸ்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்த வெள்ளையின டிரம்ப் ஆதரவாளர்களில் 16 சதவீதம் பேர், 2020க்குள் அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்ததாகப் பியூ ஆய்வு மையம் கண்டது. சபை அரசியலை உருவாக்கியது போக, அரசியல் சபையை உருவாக்கத் தொடங்கிவிட்டது.

தங்கை (பாஸ்டன்), மாலை 6:02
அப்படியென்றால் கருக்கலைப்பும் முழுக் காரணம் இல்லை, வேதமும் முழுக் காரணம் இல்லை. அண்ணா, உங்கள் பக்கத்து நாற்காலிப் பெரியவர் எதற்குப் பயப்படுகிறார்?

நான் (டாலஸ்), மாலை 6:30
நல்ல கேள்வி. பயம் என்ற சொல்லை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த வகுப்பில் எட்டு ஆண்டுகளாக உட்கார்ந்தவன் சொல்கிறேன், கருக்கலைப்பு என்ற சொல்லைவிட அங்கே அதிகமாக என் காதில் விழுந்த சொல், ‘அவர்கள் நம்மை இளக்காரமாகப் பார்க்கிறார்கள்’ என்பதுதான். அந்த ‘அவர்கள்’ யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறும்: பல்கலைக்கழகம், செய்தித்தாள், ஹாலிவுட், சில நேரம் சொந்தப் பேரப்பிள்ளைகள்.

ஒன்றுமில்லாமல் அப்படி நினைக்கவில்லை. 2006இல் நாட்டு மக்களில் 23 சதவீதமாக இருந்த வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்கள், பிஆர்ஆர்ஐயின் கணக்குப்படி 2020இல் 14 சதவீத அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். 2015 ஜூனில் ஒருபாலின மணம் நாடெங்கும் சட்டமானது. அதற்கு முன்பே, 2012இல், அப்படி ஒரு திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்திருந்த கொலராடோ கடைக்காரரின் வழக்கை எங்கள் வகுப்பில் தங்கள் வீட்டு வழக்கைப் போலப் பின்தொடர்ந்தார்கள். ஒரு காலத்தில் ஊரே தங்கள் சொல்லைக் கேட்டு நடந்ததைக் கண்ட தலைமுறை அது. தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நடுக்கூடத்திலிருந்து திண்ணைக்கு வந்துவிட்டதாக அவர்கள் உணர்கிறார்கள். டிரம்ப் 2016 ஜனவரியில் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் ‘இரண்டாம் கொரிந்தியர்’ நிருபத்தின் பெயரையே தவறாகச் சொன்னபோது, அவருக்கு வேதம் தெரியாது என்று எதிர்ப்பாளர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரியாதா என்ன? அதே மேடையில், கிறிஸ்தவத்தைக் காப்பேன் என்று அவர் சொன்னதைத்தான் அவர்கள் காதில் வாங்கினார்கள். அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் தங்களைப் பார்த்துச் சிரித்ததாகவே பட்டது. அவர்மேல் விழுகிற ஒவ்வோர் அடியும் அந்த உறவை இறுக்கிவிட்டது. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லரில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் குண்டு அவர் காதை உரசிப் போன பிறகு, பெரியவரின் பென்சில் மறுபடி எங்கே ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சித்தி (நியூ ஜெர்சி), மாலை 6:36
இளக்காரம் வலிக்கத்தான் செய்யும். அந்த வலிக்கு மருந்தாக இன்னொருவரை மிதிக்கும் ஆளைத் தேடலாமா என்பதுதான் என் கேள்வி.

அத்தை (அட்லாண்டா), மாலை 6:39
அந்தக் கேள்வி எனக்குள்ளும் உண்டு. பகலில் வராது, இரவில் வரும்.

நான் (டாலஸ்), மாலை 6:58
சித்தி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். எங்கள் சபைக் கட்டடத்தில் ஞாயிறு பிற்பகல் ஸ்பானிய மொழி ஆராதனை நடக்கும். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி பதவியேற்றதும், ஆலயங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்தியிருந்த பழைய உத்தரவை நீக்கிவிட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் வண்டியை அணைக்காமலே அவர்களை இறக்கிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் நான் மறந்துவைத்த குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். நம் பெரியவர் மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டுக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ஒட்டுநாடா வேதாகமம். உள்ளே ஸ்பானிய மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். ஆராதனை முடியட்டும், அதுவரை யாராவது வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உட்காருகிறார், இன்றும் உட்கார்ந்திருந்தார்.

தங்கை (பாஸ்டன்), மாலை 7:01
அவர் மனம் மாறிவிட்டாரா, அண்ணா?

நான் (டாலஸ்), மாலை 7:04
இல்லை. போன வாரம் கேட்டேன். இன்னொரு தேர்தல் வந்து அதே பெயர் சீட்டில் இருந்தால் அதற்கே குத்துவேன் என்றார். சொல்லிவிட்டு, வெயில் படாமல் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.