நாலு பக்கமும் ரசமட்டம் சரி, ஆனாலும் கேன்ட்ரி இறுகுது: சிஎன்சி ரவுட்டர் பிரேம்

மரத்தூள்:
வீட்டிலேயே ஒரு சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் ஓட்டுற மரம் வெட்டுற மெஷின்) கட்டிக்கிட்டிருக்கேன். 80×80×4 சதுரக் குழாய், வெல்டிங் பிரேம், நீளம் 1200 மி.மீ, ரெயிலுக்கு ரெயில் 800. மேலே எச்ஜிஆர்20 ரெயில், கேன்ட்ரி (குறுக்குப் பாலம்) அது மேலதான் ஓடும். நான் தச்சு வேலை பழகினவன், எங்க கணக்குல அரை மில்லிமீட்டர்னாலே நல்ல வேலை.

ரசமட்டத்தை நாலு பக்கமும் வச்சுப் பார்த்தாச்சு, குமிழி நடுவுலதான் நிக்குது. ஆனா ரெயிலைப் பூட்டி கேன்ட்ரியைத் தள்ளினா, முன்பக்கம் தானா ஓடுது, பின்பக்கம் போகப் போக இறுகுது. நேர்ச்சட்டத்தை மூலைக்கு மூலை வச்சா ஒரு பக்கம் வெளிச்சம் தெரியுது, இன்னொரு பக்கம் தெரியலை. எதை நம்புறது? தளம் ஒப்பிட்டுப் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட்டெல்லாம் கைவசம் இல்லை.

இரண்டாம்கை_ஸ்பிண்டில்:
கட்டட வேலைக்கான ரசமட்டம் மீட்டருக்கு அரை மி.மீ வரைக்கும் தப்பு காட்டலாம். உங்க 1200-க்கு அதுவே 0.6 ஆச்சு. ரெயிலுக்கு அது ரொம்ப அதிகம்.

ரெயில் உட்கார்ற இடத்துல எப்பாக்சி பிசின் ஊத்திடுங்க. ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டி, நடுவுல ஒரு குறுக்கு வாய்க்கால் விட்டு இணைச்சிட்டா, தண்ணி மாதிரி ஓடுற பிசின் ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்குத் தானா வந்துடும். மெதுவா இறுகுற ஹார்டனர் வாங்குங்க. ஓரத்துல பிசின் சுவரைப் பிடிச்சு மேலே ஏறும், அதனால ரெயில் உட்கார்ற பக்கத் தடுப்பை ரெயிலை விட நல்லா அகலமா கட்டணும். முழுசா இறுகாம போல்ட் போட்டுடாதீங்க.

பழைய ஃபிட்டர்:
தம்பி, முதல்ல ஒண்ணு. பூமிக்கு மட்டமா இருக்கணும்னு உன் மெஷினுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சாய்ஞ்சு நின்னாலும் வெட்டும். ரெண்டு ரெயிலும் ஒரே தளத்துல இருக்கா, ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கா, இது ரெண்டுதான் கேள்வி. லேத்துக்கு மட்டம் பார்க்கிறதும் இதே விஷயம்தான், பெட்டுல (அடிச்சட்டத்துல) இருக்கிற முறுக்கை எடுக்கத்தான் பார்க்கிறோம். ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு இது கடைசி வரைக்கும் புரியலை, அது வேற கதை.

அதனால குமிழி நடுவுல நிக்குதான்னு பார்க்காதே. நகருதான்னு பார். ஒரு பக்க ரெயிலோட போல்ட்டை லூசாக்கி, கேன்ட்ரி மேலே குறுக்கா லெவலை வை. முன்னாலிருந்து பின்னால மெதுவா தள்ளு. குமிழி எங்கே வேணா நிக்கட்டும், தள்ளும்போது இடம் மாறினா முறுக்கு இருக்கு. லெவல்ல நிலையா ஒரு தப்பு இருந்தாக்கூட இந்தச் சோதனையைக் கெடுக்காது. ஆனா உன் ரசமட்டம் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ காட்டுற மெஷின் லெவல் யார்கிட்டயாவது இரவல் வாங்கு.

அது கிடைக்கிற வரைக்கும் நூல் போட்டுப் பார். ரெயிலைக் கழட்டிட்டு, தூண்டில் நரம்பை மூலைக்கு மூலை ரெண்டு இழுத்துக் கட்டு. ரெண்டுக்கும் ஒரே நரம்பு, ஒரே எடையைத் தொங்கவிட்டு இழு. அப்பத்தான் தொய்வு ரெண்டுலயும் சமமா இருக்கும். மேலே போற நரம்போட ரெண்டு முனைக்கும் அடியில நரம்பு கனத்துக்கு ஒரு பேக்கிங் கொடு. நடுவுல ரெண்டும் தொட்டும் தொடாம நின்னா பிரேம் நல்ல பிரேம். இடைவெளி தெரிஞ்சா ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு அள. தொட்டுக்கிட்டு நின்னா உடனே சந்தோஷப்படாதே, கீழே இருக்கிற நரம்பை அது அமுக்கிக்கிட்டும் இருக்கலாம். மேலே கீழே மாத்திப் போட்டு இன்னொரு தடவை பார்.

நடுவுல எவ்வளவு இடைவெளியோ, அதுல ரெண்டு மடங்கு மூலைக் கோணல்.

மரத்தூள்:
அண்ணே, நூல் போட்டாச்சு. மாத்திப் போட்டும் பார்த்தேன். நடுவுல 0.6. அப்போ மூலையில 1.2-ஆ? பின்பக்க இடது மூலைதான் தாழ்ந்திருக்கு. கால் நட்டைத் திருகி அந்த மூலையைத் தூக்கினா சரியாகாதா?

பழைய ஃபிட்டர்:
80 குழாய் அவ்வளவு லேசுல முறுக்குக் கொடுக்காது. தரையோட போல்ட் போட்டுப் பிடிக்காம ஒரு காலைத் தூக்கினா, பக்கத்துக் கால் ஒண்ணு அந்தரத்துல நிக்கும், பிரேம் ஆடும். அவ்வளவுதான் மிச்சம்.

ரெயிலுக்கு அடியில பேக்கிங் கொடு. ஒரே மூலையில 1.2 திணிக்காதே, தாழ்ந்த மூலை ஒண்ணுல 0.6, அதுக்கு மூலைக்கு மூலை எதிர்ல இருக்கிற மூலையில 0.6. அங்கேருந்து ரெயிலோட அடுத்த கோடி வரைக்கும் படிப்படியா குறைச்சுக்கிட்டே வா. எச்ஜிஆர்20-ல போல்ட் ஓட்டை 60 மி.மீ-க்கு ஒண்ணு, ஆக ஒரு ஓட்டைக்கு 0.03 கணக்குல இறங்கும். அவ்வளவு நுணுக்கமா ஷிம் (பேக்கிங் தகடு) கிடைக்காது, கவலைப்படாதே. மூணு நாலு ஓட்டைக்கு ஒண்ணு சரியா வச்சு, போல்ட்டைக் கைப்பிடி இறுக்கத்துல விட்டு, நடுவுல இருக்கிற சந்தை இரும்புத்தூள் கலந்த எப்பாக்சியால அடைச்சிடு. அது இறுகின பிறகு முழு இறுக்கம். முன்னால சொன்ன தம்பியோட எப்பாக்சிக்கு நான் விரோதி இல்லை, குளம் கட்டாமலே ஆகுற வேலைங்கிறேன்.

ரெயில் பூட்டும்போது ஒண்ணை நேர்ச்சட்டம் வச்சு முதல்ல உறுதியா பூட்டு. அதுதான் எஜமான். இன்னொண்ணை லூசா விட்டு, கேன்ட்ரியைக் கோடிக்குக் கோடி ஓட்டிக்கிட்டே, அது எங்கே வந்து நிக்குதோ அங்கே இறுக்கிக்கிட்டு போ.

இரண்டாம்கை_ஸ்பிண்டில்:
ஒண்ணு சேர்த்துக்கோங்க: வெயில் படுற இடத்துல அளக்காதீங்க. 80 மி.மீ குழாயோட மேல்பக்கம் கீழ்பக்கத்தை விட 5 டிகிரி சூடாயிட்டா, 1200 நீளத்துக்கு நடுவுல சுமார் 0.13 மி.மீ வளையும். காலையில சரியா இருந்தது மத்தியானம் கோணலாத் தெரியும்.

மரத்தூள்:
இவ்வளவு எதுக்கு, கடைசியில ஸ்பாயில்போர்டை (வேலைக்கு அடியில போடுற பலகை) மெஷினாலயே சீவிவிட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றாரே?

பழைய ஃபிட்டர்:
பலகையையும் அதே முறுக்கோட சீவி வைக்கும், வேறென்ன? அதுமேலே நேரான பிளைவுட்டை வச்சா ஒரு மூலை ஆடும். போதாததுக்கு, 800-க்கு 1.2 சாய்ஞ்சா பிட்டைச் சுத்துற ஸ்பிண்டிலும் அந்தக் கோடியில அதே அளவு சாய்ஞ்சுதான் நிக்கும். 25 மி.மீ பிட்டுல ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 0.04 படி விழும், விரல் நகத்தை ஓட்டினா தட்டும். முறுக்கை எடு, ஸ்பிண்டிலை நேராக்கு, அப்புறம் சீவு.