புதுப்பிப்பு: தொடை எலும்பு முறிவு, 11வது வாரம்

ஜூன் மழையில் கோத்தகிரி தேயிலைத் தோட்டப் படியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, கோயம்புத்தூரில் எலும்பைச் சேர்த்துப் பிடிக்க ராடு (உலோகக் கம்பி) வைத்ததை முன்பு எழுதியிருந்தேன். இப்போது வாக்கரை விட்டுவிட்டு ஒற்றைக் கைத்தடியில் நடக்கிறேன்!

முட்டிதான் பெரிய பாடு. முதலில் 40 டிகிரிகூட மடங்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்து குதிகாலுக்கடியில் துண்டைப் போட்டு அம்மா மெல்ல இழுக்க இழுக்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவேன், இப்போது 95 வந்துவிட்டது, நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடிகிறது. குளிர்காலை நேரத்தில் முட்டி மரக்கட்டை மாதிரி இறுகிவிடும், அதனால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகே பயிற்சி.

படிக்கட்டில் எப்படி ஏறி இறங்குவது என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் அடிபட்ட காலும் முதலில், இதைத்தான் பிசியோதெரபி அக்கா திரும்பத் திரும்பச் சொல்வார். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு 32 படி, மலை ஊரில் வேறு வழி ஏது? நேற்று தம்பி பின்னால் வர முழுதும் இறங்கினேன். அப்பா கீழே டீக்கடையில் காத்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.