முதன்முதலாக இசை நாடகம் கேட்க வந்தவருக்கு எந்தப் பதிவைக் கொடுத்தீர்கள்?

குன்னூர், பெட்போர்டு:

கீழ்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ போட்டார்கள். அவள் கன்னியாஸ்திரீகளில் ஒருத்தி. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் அந்தப் பாட்டுகள்தான். சினிமாவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், மேடையில் முதலில் பாடியவர்களைக் கேட்கட்டும் என்று நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நடித்த மேரி மார்ட்டின் பாடிய 1959 பதிவைப் போட்டுக் கொடுத்தேன்.

சமையலறைத் திட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ வந்ததும் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “அக்கா, இது இடி இடிக்கும்போது குழந்தைகளுக்குப் பாடுவதுதானே? இங்கே மடத்துத் தலைவியோடு பாடுகிறாளே. குழந்தைகள் இன்னும் கதையிலேயே வரவில்லையே!”

மேடையில் அப்படித்தான். கதாநாயகி மரியா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மடத்தை விட்டுக் கிளம்பும் முன்னால் வருகிற பாட்டு அது. இடிமழைக்கு மேடையில் ‘லோன்லி கோட்ஹெர்ட்’ என்ற வேறு பாட்டு. 1965 சினிமாவில்தான் இடம் மாற்றினார்கள். இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. “என் தம்பிக்கு இடி என்றால் பயம் அக்கா. ஐப்பசி முழுக்க இந்தப் பாட்டைப் பாடித்தான் அவனைத் தூங்கவைத்தேன்” என்றாள்.

என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

கோத்தகிரி:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. எங்கள் தேயிலை ஃபேக்டரியில் இரவுப் பணி பார்க்கும் அண்ணன் ஒருவர். வெலிங்டனில் வளர்ந்தவர், ஆங்கிலம் நன்றாக வரும். இலை வாட்டும் தளத்தில் மின்விசிறிச் சத்தத்தில் தனியாக நிற்கிறேன், கதையோடு எதையாவது கொடு என்றார். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்து ஹாமில்டனின் கதையைச் சொல்லும் ‘ஹாமில்டன்’ 2015 பதிவைக் கொடுத்தேன். 46 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். மேடையில் நடப்பது ஏறக்குறைய முழுவதும் அதில் இருக்கிறது.

காலையில் பணி முடிந்து பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. “லாரன்ஸ் என்ன ஆனான்? யார்க்டவுன் போரில் அவன் தென் கரோலினாவில் இருக்கிறான் என்று ஒரு வரி வருகிறது. அப்புறம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. உயிருக்கு உயிரான நண்பனை ஹாமில்டன் அப்படியா விட்டுவிடுவான்?”

அவன் இறந்த செய்தி கடிதமாக வரும் காட்சி மேடையில் உண்டு. நேரில் பார்ப்பவர்களுக்கென்று அதை மட்டும் பதிவில் சேர்க்காமல் விட்டார்கள். எத்தனையோ பேருக்கு அந்தப் பதிவைக் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. இன்னொன்று கேளுங்கள்: லாரன்ஸாகப் பாடும் ஆண்டனி ராமோஸ்தான் பிற்பாதியில் ஹாமில்டனின் மகன் பிலிப். “அந்தக் குரல் திரும்ப வந்ததும் பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன் தம்பி. பிறகு அந்தப் பையனும் செத்துப்போனான்” என்றார்.

எனக்குப் பாட வராது. அங்கேயே நின்று அந்தக் காட்சியை வாய்வார்த்தையாகச் சொன்னேன். கேட்கும்போதே கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை மேடையில் பார்த்தவர்களுக்குக்கூட அது அவ்வளவு உறைத்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊட்டி, பழைய ரெக்கார்டு:

குன்னூர்ச் சகோதரி, சினிமாவை இரண்டாம் இடத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாடல் எழுதிய ஹாமர்ஸ்டைன் 1960இலேயே மறைந்துவிட்டார். சினிமாவுக்காக ‘ஐ ஹாவ் கான்ஃபிடன்ஸ்’, ‘சம்திங் குட்’ என்ற இரண்டுக்கும் மெட்டோடு வரிகளையும் இசையமைத்த ராட்ஜர்ஸே எழுதினார். பின்னாளில் மேடையே அவற்றை எடுத்துக்கொண்டது. எது முதல் என்ற பேச்சை அந்தப் பெண்ணிடம் எடுக்கவே வேண்டாம். இடிக்கு அவள் அதையே பாடட்டும்.

என் பேரனுக்கு ‘மை ஃபேர் லேடி’ போட்டேன். “இவர் பாடவில்லை தாத்தா, பேசுகிறார்” என்று எழுந்து போய்விட்டான். பேராசிரியராக வரும் ரெக்ஸ் ஹாரிசன் பாதிப் பேச்சும் பாதிப் பாட்டுமாகச் சொல்வதுதான் அந்த வேடத்துக்கே உயிர். அது ஏன் அவனுக்குப் பிடிபடவில்லை என்பது எனக்கு உறுத்தல்.

புதியவர்களுக்குக் கொடுப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நாடகத்துக்குப் பல பதிவுகள் உண்டு. ‘மை ஃபேர் லேடி’ 1956 பிராட்வே பதிவு மோனோ. அதே ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூஸும் 1959இல் லண்டனில் ஸ்டீரியோவில் மறுபடி பாடினார்கள். ஒலித் தெளிவு வேண்டுமானால் இரண்டாவது. ஆனால் முதலாவதில் இருக்கும் துடிப்பு அதில் இல்லை என்பது என் முடிவு. ‘லே மிசராப்ள’ 1985 லண்டன் பதிவில் நாடகத்தின் பல பகுதிகள் கிடையாது. முழுவதும் வேண்டுவோருக்கு, பல நாட்டுப் பாடகர்களைச் சேர்த்து 1988இல் செய்த மூன்று தட்டுப் பதிவு இருக்கிறது. பாட்டுகளை வரிசை மாற்றிக் கேட்கவே கூடாது. கதைச் சுருக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். இந்தப் பதிவுகளைப் பெரும்பாலும் நாடகம் தொடங்கிய சில நாட்களுக்குள், நடிகர்களின் ஓய்வு நாளில், ஒரே அமர்வில் எடுத்து முடிப்பது அந்தக் காலத்து வழக்கம் என்பதையும் சொல்லுங்கள். 1970இல் ‘கம்பெனி’ நாடகப் பதிவின்போது நடிகை எலைன் ஸ்ட்ரிட்ச் விடிய விடியப் பாடியும் ஒரு பாட்டு மட்டும் அமையவில்லை. இன்னொரு நாள் வந்து பாடி முடித்தார். அந்தப் பதிவு வேலை ஆவணப்படமாகவே இருக்கிறது. அந்த உழைப்பைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாதியில் எழுந்து போக மனம் வராது.

பெருமாள்மலை:

ஐயா, புதிதாக வந்தவரிடம் மூன்று தட்டையும் கதைச் சுருக்கத்தையும் நீட்டினால் அடுத்த முறை நம் பக்கமே வரமாட்டார். கோத்தகிரித் தம்பி கொடுத்த மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டு, வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கொடைக்கானலில் படிக்கும் மாணவி ஒருத்தி, பிராட்வே பைத்தியம், “நம்மிடம் இப்படி எதுவும் இல்லையா அண்ணா?” என்று கேட்டாள். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ பற்றிச் சொல்லி, அதில் முருகன் வள்ளியைப் பார்த்துப் பாடும் ‘காயாத கானகத்தே’ பாட்டைக் கிட்டப்பாவின் குரலில் போட்டேன். முதலில் குரலைக் கேட்டுத் திகைத்தாள். மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கப் பாடியவர், 1933இல் இருபதுகளிலேயே போய்விட்டார் என்றேன். பாட்டு நின்றதும் நிமிர்ந்து, “அவ்வளவுதானா? வள்ளி என்ன பதில் சொன்னாள்?” என்று கேட்டாள்.

பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். வள்ளியின் பதில் தர்க்கமாக வரும்; திருவிழா மேடையில் நாயகனான ராஜபார்ட்டும் நாயகியான ஸ்திரீபார்ட்டும் அதை விடியும்வரைகூட இழுப்பார்கள். ஒரு வள்ளி சொன்னதை அடுத்த ஊரில் இன்னொரு வள்ளி சொல்வதில்லை. அந்தப் பெண்ணுக்கு எந்தப் பதிவைக் கொடுத்து அதைக் காட்டுவது? அடுத்த திருவிழாவுக்கு அவளையும் அவள் தோழிகளையும் அழைத்துப்போய் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்போகிறேன்.

பண்ணைக்காடு:

என்னுடையது சிறியது. வாடகைக் கார் ஓட்டும் தம்பியோடு வத்தலகுண்டு இறங்கும்போது ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 லண்டன் பதிவைப் போட்டேன். ரகுமான் இசை, பழகிய காது, எளிதாக இருக்கும் என்று. ‘ஷக்கலக்க பேபி’ தொடங்கியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். “இது ‘முதல்வன்’ பாட்டு அண்ணா! இதை வைத்து லண்டனில் நாடகமே போட்டார்களா?” பாட்டு முடியும்வரை வண்டியை எடுக்கவில்லை, பின்னால் பஸ் ஒலி எழுப்பியும் எடுக்கவில்லை.

இப்போது அவன் அடுத்தது கேட்கிறான். ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். வசனம் புரியாவிட்டாலும் பாட்டை வைத்தே கதையைப் பிடித்துக்கொள்ளக்கூடிய பதிவு எது? சனிக்கிழமை மறுபடியும் அவனோடு இறங்குகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.