காய்ச்சிக் குடித்தால் தீர்ந்ததா?

கண்மாய்க்கரை:
எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் மஞ்சள் காமாலை. உள்ளாட்சியிலிருந்து பார்க்க வந்தவர்கள் "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன மாதம் சாக்கடைக்குத் தோண்டியபோது உடைந்த குடிநீர்க் குழாயைச் சைக்கிள் டியூப் சுற்றித்தான் மூடினார்கள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குழாய் அவர்களுடையது, நோய் மட்டும் நம்முடையதா?

பழைய செவிலி:
கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் சொல்கிறேன், காய்ச்சுகிற வீட்டிலும் பேதி வருகிறது. கொதித்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவைப்பார்கள். பிள்ளை டம்ளரோடு நான்கு விரலையும் முக்கி மொள்ளும். குழாய் மாறும்வரை இதைக்கூடவா திருத்தக் கூடாது? 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்மில் வைத்து, நோயாளியின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4-க்குக் கீழே வந்தது. குழாய் போட்டா காப்பாற்றினார்?

கண்மாய்க்கரை:
அது நோய் வந்தவரைப் பிழைக்கவைத்த கதை, அக்கா. நான் கேட்பது வராமல் தடுப்பதை. எங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். மற்ற நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே சாக்கடை. தண்ணீர் விட்டதும் நான்கு வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். விரிசல் வழியாக எது உள்ளே வரும்? முதல் குடம் எப்போதும் கலங்கல்தான், மூக்கருகே கொண்டுபோக முடியாது.

நீலக்குடம்:
கேன் வாங்குங்கள், வம்பே இல்லை.

கண்மாய்க்கரை:
பாத்திரம் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் கேனா?

கணக்குப்பிள்ளை:
24 மணி நேரமும் தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கர்நாடகத்தின் ஹுப்ளி-தார்வாடில் இடைவிடாமல் தண்ணீர் வரும் பகுதிகளையும் விட்டுவிட்டு வரும் பகுதிகளையும் ஒப்பிட்டு 2015-ல் ஆய்வு வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் இல்லை.

கண்மாய்க்கரை:
பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இரத்தபேதியும், மொத்தத்தில் டைபாய்டு வந்த வீடுகளும் குறைந்திருந்தன என்று அதே ஆய்வுதான் சொல்கிறது.

கணக்குப்பிள்ளை:
மறுக்கவில்லை. பேதிக்குக் கை, ஈ, கழிப்பறை என்று வேறு வழிகளும் உண்டு. குழாய் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

பழைய செவிலி:
சரி, குளோரின் பார்த்தீர்களா? கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கண்மாய்க்கரை:
டேங்க் ஆபரேட்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து சோதித்தோம். மருந்துச் சொட்டு விட்டதும் தொட்டிக்கு அடியில் எடுத்த தண்ணீர் மஞ்சளானது, அதாவது குளோரின் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் எடுத்தது நிறமே மாறவில்லை.

பழைய செவிலி:
அப்படியானால் தெருவோடு சேர்ந்து எழுத்தில் மனுக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு பாட்டிலில் பிடித்த தண்ணீரின் முடிவை நம்ப முடியாது. இன்னொன்று, காமாலை இன்று தெரிகிறதென்றால் கிருமி சில வாரங்களுக்கு முன்பே உள்ளே போயிருக்கும். தோண்டிய தேதியையும் மனுவில் குறிப்பிடுங்கள். அதுவரை காய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.

கண்மாய்க்கரை:
நிறுத்தவில்லை அக்கா. சிலிண்டர் இந்த முறை இருபது நாளில் தீர்ந்துவிட்டது.