ஆன்லைன் குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கற போர்வை) கிளாஸ்ல உங்க மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம் எது?

கால்இன்ச்
மூணு வாரம் ஆச்சு, இன்னும் உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதறேன். ஒன்பது பேர் பேட்ச், எல்லாரும் புதுசு, சதுரம் வெட்டற கிளாஸ். டெமோவுக்குன்னு தனித் துணி எடுக்காம நான் அப்போ செஞ்சிட்டிருந்த என்னோட பேட்ச்வொர்க்கையே மேசையில விரிச்சு, மேல ஃபோனை மாட்டி காட்டிட்டிருந்தேன். எனக்குத் துணி பத்தாததால அந்தக் குயில்ட்டுக்கு மட்டும் 2¼ இன்ச்ல வெட்டிட்டிருந்தேன், கிளாஸுக்கு கொடுத்த அளவு 2½. வாய் ரெண்டரைன்னு சொல்லுது, கை பழக்கத்துல ரெண்டேகால்ல ஸ்கேலை வைக்குது, எனக்கே தெரியல. அவங்க பார்த்தது என் கையைத்தான். கடைசியில ஒருத்தர் ஒரு நீலச் சதுரத்தை ஸ்கேலுக்கு அடியில வச்சு கேமரா கிட்ட கொண்டு வந்தாங்க, முதல்ல மங்கலா இருந்துச்சு, அப்புறம் ஃபோக்கஸ் ஆச்சு, ரெண்டரை கோடு துணி ஓரத்தைத் தாண்டி தனியா நிக்குது. "மேம், நான் எங்க தப்பு பண்ணேன்? இந்தத் துணி இவ்வளவுதான் இருந்துச்சு, 24 சதுரமும் வெட்டிட்டேன்"னு கேட்டாங்க. நான் "பரவாயில்ல, அடுத்ததைப் பார்த்து வெட்டுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டேன். தப்பு என்னோடதுன்னு ரெக்கார்டிங் பார்த்தப்பதான் புரிஞ்சுது. அடுத்த வாரம் அவங்க வரல.

பாபின்காரி
படிக்கவே கஷ்டமா இருக்கு அக்கா. எனக்கு நடந்தது மெஷின் விஷயம். ஒரு ஸ்டூடன்ட்டுக்கு அடிப்பக்கம் நூல் பந்து பந்தா சிக்குது, நான் பாபினை மாத்துங்க, பாபின் டென்ஷனைப் பாருங்கன்னு அரை மணி நேரம் சொன்னேன், மத்த எல்லாரும் காத்திருந்தாங்க. நேர்ல இருந்திருந்தா மேல் நூல் சரியா மாட்டலன்னு பார்த்ததுமே பிடிச்சிருப்பேன். துணியை அமுக்கற ஃபுட்டை இறக்கி வச்சுட்டே நூல் கோத்திருக்காங்க, நூலை இறுக்கிப் பிடிக்கற டென்ஷன் தட்டு மூடியே இருக்கும்போது நூல் உள்ள உட்காராது இல்லையா. மெஷின் சத்தத்தைக் கேட்டாவது கண்டுபிடிக்கலாம்னா அந்த வீடியோ கால் ஆப் அதை இரைச்சல்னு நினைச்சு வெட்டிடுது, எனக்கு வர்றது வெறும் அமைதி. அந்த அமைதியில அவங்க முகம் சுருங்கினது இப்பவும் கண்ணுல நிக்குது.

நேர்கோடு
பாபின்காரி, ஆடியோ செட்டிங்ல ஒரிஜினல் சவுண்டு ஆன் பண்ணா மெஷின் சத்தம் வரும், ஆனா அதை ஸ்டூடன்ட் தன் பக்கம் ஆன் பண்ணணும், முதல் கிளாஸ்லயே செய்ய வச்சிடுங்க.

கால்இன்ச், நான் இதை ஒத்துக்க மாட்டேன், நம்ம சொந்த குயில்ட்டை வச்சு கிளாஸ் எடுக்கறதே தப்பு. அது நம்ம மனசுல ஏற்கெனவே ஓடிட்டு இருக்கற வேலை, அதோட அளவு நம்ம கையில ஊறிப் போயிருக்கும். டெமோவுக்கு தனித் துணி, தனி கலர், கேமராவுல தெரியற மாதிரி வெளிர் துணியில அடர் நூல். பொடிப் பொடி கோடு போட்ட துணி வேண்டவே வேண்டாம், ஸ்க்ரீன்ல அலை அலையா நெளியும். ஸ்கேல்ல வெட்ட வேண்டிய கோட்டுல கலர் டேப் ஒட்டிடுங்க, அப்புறம் கை தப்பா போகாது. அப்புறம் கால் இன்ச் தையல், அதாவது துணி ஓரத்துலேர்ந்து கால் இன்ச் உள்ள தள்ளிப் போடற தையல். முதல் நாளே 1½ இன்ச் அகலத்துல மூணு துண்டு தைச்சு, அயர்ன் பண்ணி, நடுத்துண்டு சரியா 1 இன்ச் வருதான்னு அளக்கச் சொல்லுங்க. அளக்காம "நல்லா இருக்கு"ன்னு சொல்லாதீங்க, ஸ்க்ரீன்ல எல்லாமே நல்லாத்தான் தெரியும். ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு பக்கமும் 1/16 இன்ச் கூட எடுத்தா, 2½ இன்ச் சதுரம் ஆறு வச்ச வரிசையில அஞ்சு தையல், மொத்தம் 5/8 இன்ச் போயிடும், 12½ வர வேண்டியது 11⅞ல நிக்கும். முக்கோணம்னா இன்னும் மோசம், கிராஸா வெட்டின ஓரம் அயர்ன் பாக்ஸை இழுத்தாலே நீண்டுடும், வச்சு எடுக்கணும், தேய்க்கக் கூடாது. என் அனுபவம்னு கேட்டா, ஒரு பேட்ச்ல ஒருத்தரோட பிளாக்ல (துண்டுகளைச் சேர்த்துத் தைச்ச ஒரு கட்டம்) மூலை எதுவுமே சேரல, ரெண்டு வாரம் நான் வெட்டு சரியில்லன்னே நினைச்சுட்டிருந்தேன், அயர்ன் பண்றதைக் கேமராவுல காட்டுங்கன்னு சொன்னப்பதான் புரிஞ்சுது. அவ்வளவுதான்.

இடதுகை
நான் டீச்சர் இல்ல, ஸ்டூடன்ட். ஒரு கிளாஸ்ல டீச்சர் "உங்களுக்கு எல்லாம் திருப்பித் தெரியும்"னு சொல்லி இடது வலதை மாத்தி மாத்தி சொன்னாங்க. அவங்க ஸ்க்ரீன்ல அவங்களுக்கு மட்டும்தான் கண்ணாடி மாதிரி தெரியும், எங்களுக்கு நேராத்தான் வரும். நான் ஏற்கெனவே இடதுகை, ஸ்கேல் வலப்பக்கம், பிளேடு அதோட இடது ஓரம், இதுல அவங்க மாத்தினதையும் சேர்த்து மாத்தி கட்டரை கையில வச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். வெட்டவே இல்ல, பயம். மியூட்ல இருக்கும்போது கேக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும் அக்கா, அந்த நீலத் துணிக்காரங்க கேட்டாங்களே, அதுவே பெருசு. நேர்கோடு சொல்றதும் எனக்கு சரியா படல. டீச்சர் நிஜமா தைக்கற குயில்ட்டை, பிரிச்சுத் திரும்பத் தைக்கறதைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்.

துண்டுதுணி
ஒரு நிமிஷம், அந்த 24ம் ஒரே அளவுல 2¼ தானே? அப்போ எதுவும் வீணாகல. மத்த துணியையும் 2¼க்கு வெட்டிட்டா போதும். 8க்கு 8ன்னா 64 சதுரம், ஒவ்வொரு சதுரத்துலயும் தையலுக்கு அரை இன்ச் போக 16 இன்ச்சுக்கு பதிலா 14 இன்ச் வரும். மிச்சம் 40 சதுரத்துல ஒரு ஓரத்துல கால் இன்ச், பக்கத்து ஓரத்துல கால் இன்ச் எடுக்கணும், அவ்வளவுதான் வேலை.

கால்இன்ச்
எனக்கு இது அன்னைக்கே தோணியிருக்கணும் துண்டுதுணி, கணக்கு இவ்வளவு சின்னது. நேர்கோடு, டேப் ஒட்டிட்டேன், இன்னைக்கு கிளாஸ்ல சிவப்பு டேப்போடதான் வெட்டினேன், ஆனா குயில்ட் என்னோடதுதான், அதை மாத்த மாட்டேன். அவங்களுக்கு இப்பதான் மெசேஜ் போட்டேன், "வெட்டு உங்க தப்பில்ல, என் கைதான் 2¼ல இருந்துச்சு, அந்த 24ஐயும் பத்திரமா வைங்க, மத்ததை எப்படி வெட்டணும்னு தனியா உட்கார்ந்து காட்டறேன்"னு. பார்த்துட்டாங்க, டைப் பண்ணிட்டிருக்காங்கன்னு காட்டுது.