டேங்கர் தண்ணீர் மட்டும்தான் என்றால் கைக்குழந்தைக்கும் தாய்க்கும் எப்படி?

வெருலம் மகளிர் குழு:
வணக்கம். 2015-16 வறட்சியில் ஹேசல்மியர் அணையின் நீர்மட்டம் இறங்கி, தென்னாப்பிரிக்காவில் நம் வெருலம், டொங்காட் பக்கம் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. மறுபடி அப்படி வந்தால் வீடுகளுக்குக் கொடுக்க ஒரு தாள் தயாரிக்கிறோம். 25 லிட்டர் கேனை எப்படிச் சுத்திகரிப்பது? புட்டிப்பால், வயிற்றுப்போக்கு பற்றியும் சொல்லுங்கள்.

தாய்சேய் நலம்:
முதலில் கேனைப் பாருங்கள். உள்ளே பாசி இருந்தால் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும், கிருமி சாகாது. தேய்த்துக் கழுவி, கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்புங்கள். 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ஜிக் (குளோரின் உள்ள ப்ளீச்) 1 தேக்கரண்டி (5 மி.லி.). கலக்கி, மூடி, 2 மணி நேரம் விடுங்கள். பிறகு சொம்பைக் கையோடு உள்ளே முக்கினால் செய்ததெல்லாம் வீண். சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

புட்டிப்பாலுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 30 நிமிடத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பால்மாவைக் கலக்குங்கள். மாவிலேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். ஆற்றிய பின்பே கொடுங்கள். 2 மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். டப்பா தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். வயிறு நிறையும், பிள்ளை மெலியும்.

டொங்காட் அக்கா:
தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு 6 மாதம் வரை, எந்த வெயிலிலும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். அம்மாதான் வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 700 மி.லி. கூடுதலாகக் குடிக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு மிஞ்சினால் குடிப்பவள் அவள். அவள் பங்கைக் காலையிலேயே தனி பாட்டிலில் எடுத்து வைக்கச் சொல்லி எழுதுங்கள்.

நிறைந்த கேன் 25 கிலோவுக்கு மேல். கர்ப்பிணியைத் தூக்க விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: கழிப்பறையில் ஊற்றத் தண்ணீர் இல்லை என்று பெண்கள் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு அங்கிருந்துதான் தொடங்கும். துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். மாதவிலக்குத் துணி அலச ஒரு வாளி தனியாக வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

தாய்சேய் நலம்:
அக்கா சொன்னது முக்கியம். வயிற்றுப்போக்குக்கு: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 8 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்; வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, ரத்தம் போனாலோ உடனே கிளினிக். 6 மாதம் முதல் 5 வயதுவரை, மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தாலும் அப்படித்தான்.