டிஎம்டி: ஆராய்ச்சி வேகம் பிடிக்கப் பெற்றோர் எங்கே தொடங்குவது?

கேள்வி | கொடிமுல்லை
மகனுக்கு 7 வயது. டூஷென் தசைச்சிதைவு (டிஎம்டி, தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் மரபணு நோய்) உறுதியாகிவிட்டது. எம்எல்பிஏ (மரபணுவில் துண்டுகள் விடுபட்டோ கூடியோ இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அறிக்கையில் "எக்சான் 48–50 நீக்கம்" என்றிருக்கிறது. முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை என்கிறார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆராய்ச்சிக்குக் கை கொடுக்க நினைக்கிறோம். பணம் திரட்டுவதா, அரசுக்கு மனு கொடுப்பதா?

பதில் | வைகைக்கரை
இரண்டுக்கும் முன்னால் அந்த அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எக்சான் என்பது மரபணுவின் ஒரு துண்டு. எக்சான் 48, 49, 50-இன் நீளம் 186, 102, 109 எழுத்துகள், கூட்டினால் 397. மரபணுவை உடல் மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. 397 மூன்றால் வகுபடாததால் வாசிக்கும் வரிசை குலைந்து, தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் புரதம் உருவாகாமல் போகிறது. 233 நீளமுள்ள 51-ஐயும் தாண்டவைத்தால் 630, வகுபடும். குட்டையான, ஓரளவு வேலை செய்யும் புரதம் கிடைக்க வழியுண்டு. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்ற எடெப்லிர்சென் இந்தக் கணக்கில்தான் வந்தது. நோயை நிறுத்தும் மருந்தல்ல அது, பலன் எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் "51 தாண்டல்" குழுவில் எத்தனை பிள்ளைகள் என்ற பட்டியல் இருந்தால்தான் ஆய்வாளர்களிடம் பேச முடியும். எம்எல்பிஏ-வில் ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கு முழு மரபணு வரிசைப் பரிசோதனை தேவை. சிறு பிறழ்வுகள் எம்எல்பிஏ-வில் சிக்காது.

பதில் | நீலாம்பரி
பட்டியலோடு அளவீடும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை: மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்க எத்தனை விநாடி, 10 மீட்டர் ஓட எத்தனை விநாடி. வெறுங்காலோடு, அதே தரையில், பக்கவாட்டில் போனை வைத்துப் படமெடுங்கள். சறுக்கும் டைல்ஸ், பள்ளி விட்டு வந்த களைப்பு, "இதோ பிடி" என்று நீட்டிய கை, எதுவும் எண்ணைக் கெடுத்துவிடும். தசை பலமிழப்பதைத் தாமதப்படுத்தத் தரும் ஸ்டீராய்டு தொடங்கிய தேதியும் அளவும் பக்கத்திலேயே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மாற்றம் மருந்தாலா, வளர்ச்சியாலா என்று பிரிக்க முடியாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பதில் | தாமரைக்குளம்
மேலே சொன்னது சரி, ஆனால் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவில் 1994-இல் பேட் ஃபர்லாங் என்ற தாய் தொடங்கிய பெற்றோர் அமைப்பு நெருக்கி நெருக்கித்தான் 2001-இல் தசைச்சிதைவு ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. 2014-இல் அதே அமைப்பு, மருந்தை எப்படிச் சோதிப்பது என்ற வழிகாட்டி வரைவையே எழுதி எஃப்டிஏ-விடம் (அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பு) கொடுத்தது. "ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதிய மனு கோப்பில் தூங்கும். இன்னது வேண்டும் என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே பிடிமானம் 2021 தேசிய அரிய நோய்க் கொள்கை. டிஎம்டி மூன்றாம் பிரிவில், அதாவது சிகிச்சை இருந்தும் செலவு மிக அதிகமான நோய்களின் பிரிவில், இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வாழ்நாள் முழுக்க எடை பார்த்துப் போடும் மருந்துக்கு அது எத்தனை மாதம் வரும் என்ற கணக்கை ஒரே பக்கத்தில், பிள்ளைகளின் எண்ணிக்கையோடு எழுதி உங்கள் எம்.பி.யிடம் கொடுங்கள்.

பணம் திரட்டினால் ஸ்டெம் செல் கிளினிக்குக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐசிஎம்ஆர்-இன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டிப்படி டிஎம்டி-க்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. "ட்ரையல்" என்று யார் சொன்னாலும் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தராமல் கட்டணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.